ஊசி பயம்: கிரீமா, தசைப் பயிற்சியா, மாத்திரையா, பழகிக்கொள்வதா?

தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று தெரியும். போட்டுக்கொள்ள மனமும் இருக்கிறது. ஆனால் சிரிஞ்சைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, எழுந்து ஓடிவிடலாமா என்று இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்பட்ட மாணவர்கள், கர்ப்பகாலத்தில் டி.டி. ஊசிக்குப் போக வேண்டிய பெண்கள், நாய்க்கடிக்கு முதல் ஊசியோடு நின்றுவிட்டவர்கள், பத்து வயதுப் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று தவிக்கும் பெற்றோர் எல்லாம் கேட்பது ஒன்றுதான். கிரீம் தடவலாமா, மாத்திரை போடலாமா, மனநல ஆலோசகரைப் பார்க்கலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னால் பாதிப் பேருக்கு அது தவறான பதிலாகிவிடும். ஒருவருக்கு உதவும் வழி இன்னொருவரை மயங்கி விழவே வைக்கலாம். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் பயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

## உங்கள் பயம் எது?

வலி பயம். ஊசி குத்தும் அந்த நொடியை நினைத்துத்தான் பயம். குத்தி எடுத்ததும் "அவ்வளவுதானா" என்று தோன்றும். சின்ன வயதில் வலித்த ஊசி ஒன்று மனதில் தங்கியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பது இதுதான்.

மயக்கம். ஊசியைப் பார்த்ததும், சில சமயம் பேச்சைக் கேட்டதுமே, கண் இருட்டும், காது அடைக்கும், குளிர்ந்த வியர்வை வரும், அப்படியே சரிந்துவிடுவார்கள். இது மனத் திடம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மற்ற பயங்களில், உதாரணமாகப் பாம்பைக் கண்டால், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ஏறியபடியே இருக்கும். ரத்தம், ஊசி, காயம் சார்ந்த பயத்தில் மட்டும் முதலில் ஏறிவிட்டு, பிறகு இரண்டும் சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும், ஆள் விழுந்துவிடுவார். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. உங்கள் அப்பாவோ அத்தையோ ரத்தப் பரிசோதனையில் மயங்கி விழுந்தவராக இருந்தால் ஆச்சரியமில்லை.

ஊசியே பயம். வலியும் பெரிதல்ல, மயக்கமும் வராது. ஆனால் அந்த முனை தோலுக்குள் போகும் என்பதையே தாங்க முடியாது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை வந்தாலே வயிற்றைப் பிசையும். இவர்கள் ரத்தப் பரிசோதனை, பல் சிகிச்சை, இன்சுலின் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். சிறு வயதில் நாலு பேர் கை காலை அமுக்கிப் பிடித்து ஊசி போட்ட அனுபவம் பலருக்கு இதன் அடியில் இருக்கும்.

இரண்டு வகை சேர்ந்தும் வரலாம். அப்படி இருந்தால், மயக்கத்துக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். விழுந்து தலையில் அடிபடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்வி கேட்கலாம். எந்தப் பயத்துக்கு இது வேலை செய்யும்? எவ்வளவு நேரம் முன்பே தொடங்க வேண்டும்? பணமாகவும் வேறு விதமாகவும் என்ன செலவு? ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்கும்போது இதைச் செய்ய முடியுமா? அடுத்த ஊசிக்கும் உதவுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாழ்நாளில் இன்னும் எத்தனை ஊசி வரும் என்று யோசித்தால் அதுதான் முக்கியம்.

| வழி | எந்தப் பயத்துக்கு | முன்னேற்பாடு | செலவு | அடுத்த ஊசிக்கு |
|---|---|---|---|---|
| மரத்துப்போகும் கிரீம் | வலி | 1 மணி நேரம் | டியூப் விலை, காத்திருப்பு | மறுபடியும் தடவ வேண்டும் |
| தசை இறுக்கம், படுத்துக்கொள்வது | மயக்கம் | சில நாள் பயிற்சி | எதுவுமில்லை | உதவும் |
| கவனம் திருப்புதல் | லேசான வலி பயம் | எதுவுமில்லை | எதுவுமில்லை | ஓரளவு |
| படிப்படியாகப் பழகுதல் | ஊசியே பயம் | சில மணி நேரம் முதல் சில வாரம் வரை | ஆலோசனைக் கட்டணம், மன உழைப்பு | நன்றாக உதவும் |
| படபடப்பு மாத்திரை | கடுமையான பதற்றம் | டாக்டர் சீட்டு, துணைக்கு ஆள் | தூக்கக் கலக்கம், அன்றைய வேலை | உதவாது |

## மரத்துப்போகும் கிரீம்

லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் தலா 2.5 சதவீதம் கலந்த கிரீம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். மேல்கையில் ஊசி போடும் இடத்தில் கனமாக வைத்து, தேய்க்காமல், மேலே பிளாஸ்டிக் ஒட்டுத்தாளால் மூடி ஒரு மணி நேரம் விட வேண்டும். சந்தனம் பூசுவதுபோல மெல்லியதாகப் பூசிவிட்டுப் பத்து நிமிடத்தில் துடைத்தால் ஒன்றும் ஆகாது. "கிரீம் போட்டேன், அப்படியும் வலித்தது" என்கிறவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணமாக இருக்கும்.

சரியாகப் போட்டால் முனை தோலில் நுழைவது ஏறக்குறைய தெரியாது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் கிரீம் சில மில்லிமீட்டர் ஆழம்தான் மரத்துப்போகச் செய்யும். பெரியவர்களுக்குத் தசைக்குள் போடும் ஊசி பொதுவாக இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மருந்து உள்ளே போகும்போது வரும் அழுத்தமும், மறுநாள் கை கனப்பதும் இருக்கத்தான் செய்யும். இது தெரியாமல் போனால், ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்து அடுத்த முறை பயம் கூடிவிடும்.

மறைமுகச் செலவு எல்லாம் இடத்திலும் நேரத்திலும்தான். எந்தக் கையில், எந்த இடத்தில் போடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வலது கையில் தடவிக்கொண்டு போய், "இடது கையைக் காட்டுங்க" என்றால் அத்தனையும் வீண். பெரியவர்களுக்குத் தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம் என்பது பொதுவான இடம். டோக்கன் வாங்கி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத இடத்தில் நேரக் கணக்கு தவறலாம். ஆனால் துடைத்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மரப்பு இருக்கும் என்பதால் சீக்கிரமே தடவிவிடுவது நல்லது. அந்த இடம் வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் இயல்பு.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டாக்டர் அளவு சொல்லாமல் இந்தக் கிரீமைப் போடவே கூடாது. பிரிலோகெய்ன் அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கும், டாப்சோன், சல்ஃபா மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) மாதிரி தோலுக்குள்ளேயே போடும் உயிருள்ள தடுப்பூசிக்கு முன்னும் கேட்காமல் தடவ வேண்டாம்.

வலிதான் உங்கள் பயம், வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மயங்கி விழுகிறவருக்கு இது மட்டும் போதாது. வலியே இல்லாமல் மயங்குகிறவர்கள் நிறைய.

## தசை இறுக்கும் பயிற்சியும் படுத்துக்கொள்வதும்

நம் ஊரில் அதிகம் பேசப்படாத வழி இது. நான் இதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980-களில் உருவாக்கிய முறை. ரத்த அழுத்தம் இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது என்றால், அதை நாமே ஏற்றிப் பிடிக்கலாமே என்பது இதன் அடிப்படை.

நாற்காலியில் உட்காருங்கள். கால், தொடை, வயிறு, கை எல்லாத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை பிடித்திருங்கள். பிறகு விடுங்கள், ஆனால் முழுக்கத் தளர்ந்துவிடாமல் சாதாரண நிலைக்கு மட்டும் வாருங்கள். 20, 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. ஒரு வாரம் தினமும் சில வேளை செய்தால், தலை லேசாகும்போதே உடம்பு தானாக இதைச் செய்யப் பழகிவிடும். தசை இறுகும்போது கால்களில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது, அழுத்தம் ஏறுகிறது. அவ்வளவுதான் இதன் ரகசியம்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி போடும் கை மட்டும் தொங்கவிட்ட மாதிரி தளர்வாக இருக்க வேண்டும். இறுகிய தசையில் குத்தினால் வலி அதிகம். அதனால் கால்களையும் மற்றக் கையையும் மட்டும் இறுக்கிப் பழகுங்கள். வீட்டில் பழகும்போதே ஒரு கையை மடியில் துவளவிட்டுப் பழகினால் அங்கே போய்க் குழம்ப வேண்டியதில்லை.

பயிற்சிக்கு நேரமில்லையா? படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். படுத்திருப்பவருக்கு மயக்கம் வருவது குறைவு, வந்தாலும் விழ இடமில்லை. இதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். "சிஸ்டர், எனக்கு ஊசி போட்டா மயக்கம் வரும், படுத்துக்கிட்டே போட்டுக்கிறேன்" என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் கட்டிலுக்கு ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே இருங்கள், உடனே எழுந்து வண்டியை ஓட்டாதீர்கள்.

இங்கே முக்கியமான ஒரு எச்சரிக்கை. "நல்லா மூச்சை இழுத்து விடு, ரிலாக்ஸ் பண்ணு" என்று எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை மயக்கம் வருகிறவருக்குப் பொருந்தாது. தளரத் தளர அழுத்தம் இன்னும் இறங்கும். பயத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

செலவு ஒன்றுமில்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தசையை இறுக்க வேண்டும். அவர்களுக்குப் படுத்துக்கொள்வது போதும். கர்ப்பிணிகள் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கலாம்.

## கவனத்தைத் திருப்புவது

பாட்டு கேட்பது, போனில் யாருடனாவது பேசிக்கொண்டே இருப்பது, ஊசி நுழையும் நொடியில் லேசாக இருமுவது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலி பற்றி 2015-ல் வெளியிட்ட அறிக்கையில் பெரியவர்களுக்கு இந்த இருமல் உத்தியையும் சொல்கிறது. பயம் லேசாக இருந்தால் இதுவே போதும். ஐஸ் கட்டி வைப்பதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஊசியைப் பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பார்த்தால்தான் நிம்மதி என்கிறவர்களும் உண்டு. "அங்க பாக்காதே" என்று அவர்களை வற்புறுத்தினால் பதற்றம் கூடும்.

## படிப்படியாகப் பழகிக்கொள்வது

ஊசியே பயம் என்கிறவர்களுக்கு நிலைத்த பலன் தருவது இது ஒன்றுதான் என்பது என் கருத்து. பயப்படும் பொருளைச் சின்னச் சின்னப் படிகளாக நெருங்குவது. முதலில் ஊசியின் படம். பிறகு வீடியோ. பிறகு மெடிக்கல் ஷாப்பில் முனை இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, உறையைப் பிரித்து, கையில் வைத்துக்கொண்டு, பிஸ்டனை இழுத்துத் தள்ளிப் பார்ப்பது. அதைத் தோள்பட்டையில் வைத்து அழுத்திப் பார்ப்பது. அப்புறம் ஊசி போடாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். ஓடிவிடாமல் அங்கேயே இருந்தால் அது தானாக இறங்கும். இறங்கிய பிறகுதான் அடுத்த படி.

பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்தால் இதை மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்விலேயே முடிக்கும் முறையும் இருக்கிறது. அதையும் உருவாக்கியவர் ஓஸ்ட்தான். மயக்கமும் சேர்ந்து வருகிறவர்கள் தசை இறுக்கத்தோடு சேர்த்தே இந்தப் படிகளைச் செய்ய வேண்டும்.

மறைமுகச் செலவு இங்கே அதிகம். நம் ஊர்களில் இந்தச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவ உளவியலாளர் கிடைப்பது எளிதல்ல. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண் ஆகியவை தொடங்க நல்ல இடங்கள். பணத்தைவிடப் பெரிய செலவு, பயத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த நேரம். பாதியில் எழுந்து ஓடினால் "தப்பித்தோம்" என்று மனம் கற்றுக்கொண்டு பயம் வலுக்கும். தொடங்கினால் அந்தப் படியையாவது முடித்துவிட்டு எழுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படுபவர்கள் எல்லாம் ஒரு தடுப்பூசிக்காக மட்டும் யோசிக்காமல் இந்த வழிக்கு நேரம் ஒதுக்குவது நல்லது. பயத்தினால் இன்சுலினைத் தள்ளிப்போட்டு, கடைசியில் காலில் புண்ணோடு வந்து நிற்பவர்கள் படும் பாடு சிறியதல்ல.

## படபடப்பு மாத்திரை

அல்பிரசோலம், டயாசிபம் மாதிரி மாத்திரைகளை டாக்டர் சில சமயம் எழுதிக்கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் தந்தார், கடையில் சும்மா கொடுத்தார்கள் என்று விழுங்குகிற மாத்திரை இல்லை இது. தூக்கக் கலக்கம் வரும், வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும், அன்றைய வேலை போய்விடும். மயக்கத்தை இது தடுக்காது. மாத்திரை போட்டுச் சமாளித்தால், "மாத்திரையால்தான் முடிந்தது" என்றே மனம் பதிவுசெய்யும். அடுத்த ஊசிக்குப் பயம் அப்படியே காத்திருக்கும். இன்றே போட வேண்டிய ஊசி, அறைக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்ற நிலையில், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மட்டும் சரி.

வலி வரக்கூடாது என்று முன்கூட்டியே பாரசிட்டமால் போடுவதும் வேண்டாம். செக் நாட்டில் கைக்குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே பாரசிட்டமால் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் நோய் எதிர்ப்பு அளவு குறைவாக இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

ஊசியே இல்லாத தடுப்பு மருந்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு: போலியோ, ரோட்டா வைரஸ் இரண்டுக்கும் சொட்டு மருந்து உண்டு. ஃபுளூவுக்கு மூக்கில் விடும் மருந்து உண்டு. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, நாய்க்கடி மூன்றுக்கும் ஊசிதான்.

## குழந்தைகளுக்கு

"சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்." இந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலிருந்து விரட்டினாலே பாதி வேலை முடிந்தது. ஊசியைத் தண்டனையாகச் சொல்லி வளர்த்துவிட்டு, அது நல்லதுக்குத்தான் என்று அன்றைக்கு மட்டும் சொன்னால் பிள்ளை எப்படி நம்பும்?

கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். "சுருக்குன்னு இருக்கும், நான் பக்கத்துலயே இருப்பேன்" என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட. சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் போன வாரமே சொல்லி வைக்க வேண்டாம், அன்றைக்குக் காலையில் சொன்னால் போதும். மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதைவிட, மார்போடு அணைத்து மடியில் உட்காரவைப்பது நல்லது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசியின்போது பால் கொடுப்பதுதான் எந்தக் கிரீமையும்விட எளிய வழி. வரிசையில் முன்னால் இருக்கும் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டபடி நிற்கவைக்காமல், கூட்டம் குறைந்த நேரத்துக்குப் போங்கள், அல்லது ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளையோடு வெளியே வேப்பமர நிழலில் இருக்கலாம்.

பள்ளிக்கூட முகாமில் போடும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்க மாட்டோம். மயங்கும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை விழுந்தால் அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுவது பள்ளிகளில் நடப்பதுதான்.

## எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஒரு மாதம் இருந்தால், ஊசியே பயம் உள்ளவர்கள் படிப்படியாகப் பழகுவதைத் தொடங்கிவிடலாம். ஒரு வாரம் இருந்தால் மயக்கக்காரர்களுக்குத் தசைப் பயிற்சிக்கு அது தாராளம். நாளைக் காலை என்றால் வலிக்குக் கிரீம், மயக்கத்துக்குக் கட்டில்.

இன்றே போட வேண்டியது என்று ஒன்று இருக்கிறது: நாய்க்கடி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய கதையைக் கேட்டு இன்னும் பலர் நடுங்குகிறார்கள். அந்த வகைத் தடுப்பூசியை இந்தியா கைவிட்டு இருபது ஆண்டு ஆகப்போகிறது என்பதல்ல, ஆகியே விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28-ம் நாட்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதால் இங்கே பயத்துக்காக ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஜி.எச்.சுக்குப் போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். கடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போடுவார்கள். அது வலிக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது. முதல் ஊசிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது. தசை இறுக்கத்தை அந்த மூன்று நாளில் பழகிக்கொண்டால், மீதி ஊசிகளுக்கு நீங்களே நடந்து போய்விட்டு வரலாம்.